போர்ட்ரெய்ட் ஸ்டூடியோவுக்கு ஸ்ட்ரோப் லைட் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



நம்ம சேனல்ல தொழில் கருவிகளுக்குக் கடன் வாங்கறது பத்தி வீடியோ போட்டதிலிருந்து, சின்ன போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறாங்க. "ஸ்டூடியோவுக்கு ஸ்ட்ரோப் லைட் வாங்கணும், பட்ஜெட் கம்மி, எதை வாங்கலாம்?" திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம்ல ஸ்டூடியோ நடத்துறவங்களை மனசுல வச்சு இந்தப் பதிவை எழுதியிருக்கேன். லைட் பத்தியும் பார்ப்போம், பணம் பத்தியும் பார்ப்போம். ரெண்டையும் தனித்தனியா பார்த்தா முடிவு தப்பாத்தான் வரும்.

மதுரையில போட்டோவுக்கும் பட்ஜெட்டுக்கும் நடக்கிற சண்டை புதுசு இல்லை. 1858ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இங்கே வந்து புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால் எல்லாத்தையும் படம் எடுத்தார். இன்னைக்கும் உலக மியூசியங்கள்ல அந்தப் படங்கள் இருக்கு. ஆனா அடுத்த வருஷம் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், நம்ம நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம்னு சொல்லி அந்த வேலையையே நிறுத்த உத்தரவு போட்டுட்டார். படம் நல்லா இருந்தா மட்டும் போதாது, செலவுக்குக் கணக்கும் சொல்லணும்!

முதல் கேள்வி: எல்இடியா, ஸ்ட்ரோபா?

ஸ்ட்ரோப்னா மின்சாரத்தைக் கெப்பாசிட்டர்ல சேர்த்து வச்சு, கண் இமைக்கிறதுக்குள்ள மொத்தமா வெளிச்சமாக் கொட்டுற லைட். அதோட பலத்தை வாட்-செகண்ட்ல சொல்வாங்க.

ஒரு சின்னக் கணக்கு. 100 வாட் எல்இடி லைட் போட்டு 1/125 செகண்ட்ல படம் எடுத்தா, அந்தப் படத்துக்குள்ள போறது 0.8 வாட்-செகண்ட் மின்சக்தி தான். 300 வாட்-செகண்ட் ஸ்ட்ரோப் அந்த ஒரே நொடித்துளியில 300ஐயும் கொட்டிடும். எல்இடி மின்சாரத்தை வெளிச்சமா மாத்தறதுல கெட்டி தான். ஆனா இவ்வளவு பெரிய இடைவெளியை அதால நிரப்ப முடியாது. அதனால எல்இடியில ஐஎஸ்ஓ ஏத்தணும், இல்லைனா ஷட்டர் வேகத்தைக் குறைக்கணும். காதுகுத்துக்கு வந்த குழந்தை ஒரு இடத்துல நிக்குமா? படம் ஆடிடும்.

ஆனா உங்க வருமானத்துல பாதி ரீல்ஸ், வீடியோன்னா எல்இடி தான் உங்களுக்கு முதல் லைட். ஸ்ட்ரோப் வீடியோவுக்கு உதவாது. எதுல காசு வருதோ அதுக்குத்தான் முதல் முதலீடு.

இரண்டாவது கேள்வி: எத்தனை வாட்-செகண்ட்?

பெரும்பாலானவங்க பணத்தை விடுறது இங்கதான். "600 வாங்கிட்டா பின்னாடி உதவும்"னு கடைக்காரர் சொல்வார். 300லிருந்து 600க்குப் போனா கிடைக்கிறது ஒரே ஒரு ஸ்டாப் தான். ஐஎஸ்ஓவை 100லிருந்து 200க்கு மாத்தினா அதே ஒரு ஸ்டாப் செலவே இல்லாமக் கிடைக்கும்.

300 வாட்-செகண்ட் லைட்டை எடுத்துக்குவோம். கைடு நம்பர் 58னு போட்டிருக்குன்னு வச்சுக்கோங்க. ஆள் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தா, 58ஐ 1.5ஆல வகுத்தா சுமார் 38. சாஃப்ட்பாக்ஸ் மாட்டினா ரெண்டு ரெண்டரை ஸ்டாப் போயிடும். மிச்சம் எஃப் 16. போர்ட்ரெய்ட்டுக்கு நீங்க வைக்கிறது எஃப் 8. அப்போ லைட்டைக் கால்பங்கு பவர்ல தான் ஓட்டப் போறீங்க!

இன்னொரு விஷயம். பல பட்ஜெட் மாடல்கள்ல பவரை 1/16 வரைக்கும் தான் குறைக்க முடியும். மேலே சொன்ன கணக்குல 1/16னா எஃப் 4. பின்னணி மங்கலா வேணும்னு எஃப் 2க்குப் போகணும்னா 300ஏ அதிகம். சின்ன ரூம்ல 600 வாங்கினா அதிகக் காசு கொடுத்து இன்னும் அதிகத் தலைவலியை வாங்கின மாதிரி.

15 பேர் குடும்பப் படத்துக்கு? லைட்டை 3 மீட்டர் தள்ளி வைக்கணும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா குறையும். முழு பவர்ல எஃப் 8 கிடைக்கும். அதுவும் போதும். ஆக, பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு 200லிருந்து 300 வாட்-செகண்ட் தாராளம்.

கண்மாய்க் கரையில, அழகர்கோவில் அடிவாரத்துல மத்தியான வெயில்ல எடுக்கிற படங்கள் வேற கதை. அங்க பிளக் பாயிண்ட் கிடையாது, பேட்டரி ஸ்ட்ரோப் வேணும். அது விலை அதிகம். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆர்டர் தான் வருதுன்னா வாடகைக்கு எடுங்க, வாடகையை ஆர்டர் ரேட்ல சேர்த்துடுங்க.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*மவுண்ட்:* போவன்ஸ் மவுண்ட் இருக்கிற லைட்டையே வாங்குங்க. போவன்ஸ்ங்கிற பிரிட்டிஷ் கம்பெனி 2017ல மூடிட்டாங்க. ஆனா அவங்க மவுண்ட்டை கோடாக்ஸ் மாதிரி பல கம்பெனிகள் பயன்படுத்துறாங்க. நாளைக்கு லைட்டை மாத்தினாலும் சாஃப்ட்பாக்ஸ் வீணாகாது.

*ரீசைக்கிள் நேரம்:* முழு பவர்ல அடிச்சப்புறம் எத்தனை செகண்ட்ல மறுபடி தயாராகுதுன்னு பாருங்க. ரெண்டு செகண்ட்டுக்குள்ள வந்தா ஸ்டூடியோ வேலைக்குப் போதும்.

*ஸ்பேர் ட்யூப்:* ஃப்ளாஷ் ட்யூப் தேயும் பொருள். "இந்த மாடலுக்கு ட்யூப் தனியா கிடைக்குமா, யார் மாட்டித் தருவாங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் பணம் கொடுக்கணும். தை மாசம் லைட் நின்னுபோய், சர்வீஸுக்குச் சென்னை வரைக்கும் அனுப்பினா, ஆன்லைன்ல மிச்சம் பிடிச்ச ஆயிரம் ரூபாய் ஒரே முகூர்த்தத்துல போயிடும்.

*மாடலிங் லேம்ப்:* 300 வாட்-செகண்ட்ல ஆயிரம் தடவை முழு பவர்ல அடிச்சாலும் 0.1 யூனிட் கரண்ட் கூட ஆகாது. ஆனா 150 வாட் மாடலிங் லேம்ப் ஒரு மணி நேரம் எரிஞ்சா 0.15 யூனிட். கரண்ட் பில்லை ஏத்துறது ஃப்ளாஷ் இல்லை, அந்த பல்பு தான். வேலை இல்லாதப்ப அணைச்சுடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், சோதிச்சு வாங்கணும். ட்யூப் கருத்திருக்கா பாருங்க. முழு பவர்ல 20 தடவை அடிச்சு, 20 படத்தையும் வரிசையா வச்சுப் பாருங்க. வெளிச்சம் கூடிக் குறைஞ்சா வேண்டாம். ரொம்பப் பழைய ஃப்ளாஷை நேரடியா கேமரா மேல மாட்டாதீங்க, அதோட ட்ரிக்கர் வோல்டேஜ் டிஜிட்டல் கேமராவையே கெடுத்துடும். வயர்லெஸ் ட்ரிக்கர் போடுங்க. ரிப்பேர்னா நீங்களே திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டர்ல உயிரை எடுக்கிற அளவு வோல்டேஜ் நிக்கும்.

இப்போ பணக் கணக்கு

இது உதாரணம் தான், உங்க எண்களைப் போட்டுக்கோங்க. ரெண்டு லைட், ரெண்டு சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட், ட்ரிக்கர் சேர்த்து 36,000 ரூபாய்னு வச்சுக்குவோம். லைட் வந்ததால ஒரு போர்ட்ரெய்ட் ஆர்டருக்கு 150 ரூபாய் கூடுதலா வாங்க முடியுது. 36,000ஐ 150ஆல வகுத்தா 240 ஆர்டர். மாசம் 15 ஆர்டர்னா 16 மாசம்.

ஆனா 16 மாசத்துல போட்ட காசு வந்துடும்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல ஆடி, மார்கழியில முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியும் மந்தம். இன்னொரு மாசம் ஏதோ ஒரு காரணத்துல போயிடும். வருஷத்துக்கு 8 மாசம் தான் நல்ல வேலைன்னா, அந்த 16 மாசம்ங்கிறது காலண்டர்ல முழுசா ரெண்டு வருஷம்.

இதையே ஒரு லைட், ஒரு சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட், ட்ரிக்கரோட 18,000ல ஆரம்பிச்சா? 120 ஆர்டர், 8 வேலை மாசம், ஒரே வருஷம். ரெண்டாவது லைட் இருக்க வேண்டிய பக்கத்துல வெள்ளைத் தெர்மகோல் ஷீட் வையுங்க. முகத்தோட நிழல் பக்கம் எடுப்பா வரும். பாஸ்போர்ட் படத்துல பின்னாடி நிழல் விழுந்தா, ஆளைச் சுவத்துலேருந்து நாலடி முன்னாடி உட்கார வையுங்க. ரெண்டாவது லைட்டை முதல் லைட் சம்பாதிச்சுக் கொடுக்கட்டும்.

இஎம்ஐ எடுக்கலாமா?

36,000க்கு 12 மாச இஎம்ஐன்னா, வட்டி இல்லாமலே மாசம் 3,000. வேலை 8 மாசம், தவணை 12 மாசம். மந்தமான 4 மாசத்துக்கு 12,000 ரூபாய் கையில தனியா இல்லாம இஎம்ஐயில கையெழுத்துப் போடாதீங்க. ஆடித் தவணைக்கு நகையை அடகு வைக்கிற நிலைமை இப்படித்தான் ஆரம்பிக்குது. அந்த 12,000 கையில இருக்குன்னா இன்னும் 6,000 சேருங்க, ஒரு லைட் செட் ரொக்கத்துக்கே வந்துடும்!

"நோ காஸ்ட் இஎம்ஐ"யில வட்டி மறைஞ்சு தான் இருக்கு. 2013லேயே ரிசர்வ் வங்கி, ஜீரோ வட்டித் திட்டங்கள்ல வட்டியை ஒளிச்சு வைக்கிறதைக் கண்டிச்சது. ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு, வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி எவ்வளவு, ரொக்கம் கொடுத்தா விலை எவ்வளவு குறையும், இந்த மூணையும் கேளுங்க. கடன் அவசியம்னா வங்கியில முத்ரா திட்டத்தைக் கேட்டுப் பாருங்க. சிசு பிரிவுல 50,000 ரூபாய் வரைக்கும் அடமானம் இல்லாமக் கடன் உண்டு, சேவைத் தொழிலுக்கும் பொருந்தும்.

பில் கண்டிப்பா வாங்குங்க. வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். நீங்க ஜிஎஸ்டி வழக்கமான முறையில பதிவு பண்ணியிருந்தா, லைட்டுக்குக் கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாக் கழிச்சுக்கலாம். பதிவு இல்லைன்னா அந்த வரியும் உங்க செலவு தான். விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையைத்தான் ஒப்பிடணும்.

இந்த வாரமே செய்யுங்க

போன வருஷ ஆர்டர் நோட்டை எடுங்க. மாசவாரியா எத்தனை போர்ட்ரெய்ட் எடுத்தீங்கன்னு எழுதுங்க. லைட் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு கூடுதலாக் கேட்க முடியும்னு பக்கத்துல எழுதுங்க. ரூம் நீளத்தையும் டேப் வச்சு அளந்துக்கோங்க. ஒரு வருஷத்துல வர்ற கூடுதல் வருமானம் லைட் விலையை விடக் குறைவுன்னா, இந்த சீசனுக்கு வாடகை லைட், அடுத்த சீசனுக்குச் சொந்த லைட். அதிகம்னா தயங்காம வாங்குங்க, ஆனா ஒண்ணு மட்டும்.

கணக்குப் போட்டதுல சந்தேகம் இருந்தா கேளுங்க, அடுத்த வீடியோவுல உங்க எண்களை வச்சே விளக்கிடறேன்.