மினுக்கம் வேறு, கறுத்துப்போவது வேறு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 27 அங்குல வளைந்த விஏ மானிட்டர், 144 ஹெர்ட்ஸ், அட்டைப்பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று அச்சிட்டிருக்கிறது. சைபர்பங்க் 2077 ஆடும்போது திரை மினுக்குகிறது, லோடிங் திரையில் இன்னும் மோசம். சில நாள் திரை முழுக்கக் கறுத்து, சில விநாடி கழித்து டெஸ்க்டாப் வருகிறது, கேம் மூடிக்கிடக்கிறது. டிரைவரை மாற்றினீர்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டீர்கள். கார்டை விற்றுவிடலாமா என்று முடித்திருக்கிறீர்கள்.

விற்க வேண்டாம். உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரே மருந்தைத் தேடியதால்தான் விண்டோஸை மறுபடி போட்டும் பலனில்லை.

மினுக்கத்தை முதலில் பார்ப்போம். சாதாரண மானிட்டர், கார்டு படத்தை முடித்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. விநாடிக்கு 144 முறை தன் பாட்டுக்குத் திரையைப் புதுப்பிக்கும். மேல் பாதி பழைய படம், கீழ்ப் பாதி புதிய படம் என்று திரை கிழிந்தாற்போல் தெரிவது இதனால்தான். அடாப்டிவ் சிங்க் வந்தபின், கார்டு படத்தை முடிக்கும்வரை மானிட்டர் காத்திருக்கிறது. என்விடியா 2013-இல் மானிட்டருக்குள் தன் சொந்தச் சாதனம் ஒன்றைப் பொருத்தி ஜி-சிங்க் என்று கொண்டுவந்தது. 2014-இல் வெசா அமைப்பு இதையே டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது, ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அந்த வழியில் வந்தது. என்விடியா இறங்கிவர 2019 ஜனவரி ஆனது. அப்போதுதான் ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதலான கார்டுகளுக்கு ஃப்ரீசிங்க் மானிட்டர்களின் கதவைத் திறந்தது. தான் சோதித்துத் தேர்ந்தவற்றுக்கு மட்டும் சான்று தந்தது. மற்றவற்றில் நாமே கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் என்ற பெயரிலேயே இயக்கிக்கொள்ளலாம். உங்கள் மானிட்டர் அந்த ‘மற்றவை’யில் ஒன்று. ஓடும், ஆனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மானிட்டர் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. உங்கள் மானிட்டருக்கு அது 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை. ஃப்ரேம் எண்ணிக்கை 48-க்குக் கீழே போனால், கார்டு ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை அனுப்பிச் சமாளிக்கும். அதாவது 50 ஃப்ரேம் ஓடும்போது மானிட்டர் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். 47-க்கு இறங்கியதும் 94-க்குத் தாவும். 49-க்கு ஏறினால் மறுபடி 49. கேம் ஓடும் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் மாறியிருக்கிறது, மானிட்டரோ ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. விஏ பேனலில் ஒரே சாம்பல் நிறம் 50 ஹெர்ட்ஸில் ஒரு பிரகாசத்திலும் 94-இல் சற்றே வேறு பிரகாசத்திலும் தெரியும். வெளிச்சமான காட்சியில் அது உறைக்காது. கேமின் நைட் சிட்டி நகரத்து இருட்டுச் சந்துகளில் அப்பட்டமாகத் தெரியும். ரே டிரேசிங் போட்டால் 45-க்கும் 52-க்கும் நடுவே ஊசலாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்!

சந்தேகம் இருந்தால் மானிட்டரின் சொந்த மெனுவில் ரெஃப்ரெஷ் ரேட் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைத் திரை மூலையில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். மினுக்கும் அதே நொடியில் எண் 50-லிருந்து 90-க்கு மேல் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். எந்த டிரைவரும் இதைத் தீர்க்காது, ஏனென்றால் டிரைவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

செய்யக்கூடியது, 48-ஐ விட்டு விலகிப்போவது. ரே டிரேசிங்கைக் குறையுங்கள் அல்லது டிஎல்எஸ்எஸ்-ஐ ஒரு படி இறக்குங்கள். எவ்வளவு நெரிசலான இடத்திலும் 60-க்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரே டிரேசிங்கை விட மனமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சிஆர்யூ என்ற இலவச மென்பொருளில் மானிட்டரின் கீழ் எல்லையை 48-லிருந்து 60-க்கு உயர்த்தலாம். அப்போது 45 முதல் 55 வரை எல்லாமே இரட்டிப்பாகி, மானிட்டர் 90-க்கும் 110-க்கும் இடையில் மட்டும் நகரும். அந்தப் பெரிய தாவல் இருக்காது. பல மானிட்டர்கள் இதை ஏற்கும், சில ஏற்காது. திரை வராமல் போனால் சேஃப் மோடில் போய், அதனுடனேயே வரும் ரீசெட் கோப்பை ஓட்டினால் பழையபடி ஆகிவிடும்.

மேல் எல்லைக்கும் ஒரு வார்த்தை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் வி-சிங்க்கை ஆன் செய்யுங்கள், கேமுக்குள் ஆஃப் செய்யுங்கள், ஃப்ரேமை 138-இல் கட்டிவையுங்கள். ஜி-சிங்க் இருக்கும்போது வி-சிங்க் எதற்கு என்று பலர் சண்டைக்கு வருவார்கள். எல்லைக்குள் ஓடும்வரை அது குறுக்கே வராது. அவசரமாக முந்திவரும் ஓரிரு ஃப்ரேமால் திரையின் அடிப்பகுதியில் விழும் கிழிசலை மட்டும் தடுக்கும். ஜி-சிங்க்கை முழுத்திரைக்கு மட்டும் என்று வையுங்கள். லோடிங் திரையில் ஃப்ரேம் தாறுமாறாக எகிறி விழும். அங்கே வரும் மினுக்கத்தை விட்டுவிடுங்கள். விஏ பேனல் வாங்கினால் அதோடு வாழத்தான் வேண்டும்.

இனி கறுத்துப்போவது. திரை கறுக்கும்போது கேமின் சத்தம் தொடர்ந்து ஓடி, படம் திரும்பியதும் கேமும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெசா சான்று பெற்ற டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்றை மாட்டிப் பாருங்கள். உங்களுக்குக் கேமே மூடிக்கொள்கிறது. இது வேறு. கார்டு 2 விநாடி பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதை உலுக்கி டிரைவரை மறுபடி எழுப்பும். விஸ்டா காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு இது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் போய்ப் பாருங்கள். 4101 என்ற எண்ணோ, என்விஎல்டிடிஎம்கேஎம் என்று வாயில் நுழையாத பெயரோ கறுத்த அதே நேரத்துக்குப் பதிவாகியிருந்தால் விஷயம் உறுதி.

அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் 10 ஆக்கு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கார்டு ஏன் நின்றது என்பது அப்படியே இருக்கும், நீங்கள் கறுப்புத் திரையை இன்னும் 8 விநாடி பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் மெமரி வேகத்தை ஏற்றியிருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். முதலில் அதை இயல்புக்குக் கொண்டுவாருங்கள். என் சந்தேகம் முழுக்க அதன்மேல்தான். அதன் பிறகும் கறுத்தால் பவர் சப்ளை. 170 வாட் இழுக்கும் இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் சப்ளை. பழைய 450 வாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

டிரைவர் கடைசியாகத்தான். டிரைவரைத் துடைக்கும் டிடியூ மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். நெட்டைத் துண்டிக்காவிட்டால், நீங்கள் துடைத்த இடைவெளியில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிடும். புதிது என்பதற்காக மட்டும் எதையும் போடாதீர்கள். 2025 தொடக்கத்தில் வந்த 572 வரிசை டிரைவர்களில் பலருக்குத் திரை கறுத்தது. 2024 டிசம்பரின் 566.36-க்கே நிறையப் பேர் திரும்பினார்கள். ஏப்ரலில் 576.02 வந்துதான் பெரும்பாலானவை சரியாயின. நீங்கள் டிரைவரை மாற்றியபோது எந்த எண்ணைப் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓரிரு நாள் ஆடிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மறுபடி கறுத்தால் மணியைக் குறித்துக்கொண்டு, ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துப் பதிவைப் படம் பிடித்து அனுப்புங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் தேடியது அதைத்தான்.

அன்புடன்.