ஒர்க்‌ஷீட்டில் ஓர் இலங்கைப் பயணம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், ஒர்க்‌ஷீட் என்றாலே அது அலுவலகக் கணக்குக்கு மட்டும்தான் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். சுற்றுலாவுக்குத் திட்டம் போடவும் அது மிகவும் உதவும். இந்த மாதம் இலங்கையின் பழைய தலைநகரங்களைப் பார்த்து வர ஐந்து நாள் திட்டம் ஒன்றைப் படிப்படியாகத் தயாரிப்போம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டிலும் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏன் இலங்கை?

நான் உத்திரமேரூர்க்காரன். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஆண்டுகள் 919, 921. பின்னால் வந்த ராஜராஜ சோழனின் படை 993 வாக்கில் அனுராதபுரத்தைத் தாக்கியது. சோழர்கள் பொலன்னறுவையைத் தங்கள் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு மன்னர் அவர்களை வெளியேற்றினார். ஆனால் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சிவன் கோயில் பொலன்னறுவையில் இன்றும் நிற்கிறது.

அந்தக் கோயிலைப் பார்க்க எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஐந்து பேர் ஆசைப்பட்டார்கள். என்னோடு சேர்த்து ஆறு பேர். அவர்களில் இருவருக்கு முழங்கால் வலி. எல்லோருக்கும் அது சேமிப்புப் பணம். சுற்றுலா முகவர் ஒருவர் கொடுத்த தாளில் மூன்றே நாளில் ஐந்து ஊர்கள் என்று போட்டிருந்தது. "முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, இது நடக்குமான்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுப்பா" என்றார்கள். அப்போது நான் தயாரித்த ஒர்க்‌ஷீட்தான் இது.

படி 1: தலைப்புகள்

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் கீழ்க்காணும் தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

ஏ – நாள்
பி – கிளம்பும் ஊர்
சி – இரவு தங்கும் ஊர்
டி – கிலோமீட்டர்
இ – பயண நேரம்
எஃப் – சுற்றிப் பார்க்கும் நேரம்
ஜி – மிச்ச நேரம்

உடனே கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி, பைலுக்கு ஒரு பெயர் கொடுத்து சேமித்துவிடுங்கள். கிராமப்புறத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு படி முடிந்ததும் இதைச் செய்வது நல்ல பழக்கம்.

படி 2: தூரம்

கூகுள் மேப்ஸைத் திறந்து, ‘டைரக்‌ஷன்ஸ்’ பகுதியில் இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் சாலை வழித் தூரம் கிடைக்கும். நான் எடுத்த சுமாரான தூரங்கள்:

நாள் 1: கட்டுநாயக்க விமான நிலையம் – அனுராதபுரம், 175 கி.மீ.
நாள் 2: அனுராதபுரம் – பொலன்னறுவை, 100 கி.மீ.
நாள் 3: பொலன்னறுவை – சிகிரியா, 60 கி.மீ.
நாள் 4: சிகிரியா – தம்புள்ளை – கண்டி, 90 கி.மீ.
நாள் 5: கண்டி – கட்டுநாயக்க, 105 கி.மீ.

இவற்றை டி2 முதல் டி6 வரை டைப் செய்யுங்கள். எண் மட்டும் போதும். பக்கத்தில் ‘கி.மீ.’ என்று சேர்த்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், கணக்குப் போடாது. டி7 கட்டத்தைக் கிளிக் செய்து, ‘ஆட்டோசம்’ பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். 530 என்று வருகிறதா? சரி.

படி 3: பயண நேரம்

வழியில் சிறு ஊர்கள், லாரிகள், டீ குடிக்க நிறுத்துவது எல்லாம் சேர்ந்தால் மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இ2 கட்டத்தில் சமக்குறி போடுங்கள். மவுஸால் டி2 கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். பிறகு சாய்கோடும் 40ம் டைப் செய்து என்டர் அழுத்துங்கள். 4.375 என்ற விடை வரும். இதை 4 மணி 37 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள்! புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும். 0.375ஐ 60ஆல் பெருக்கினால் 22.5. ஆகவே பயணம் சுமார் 4 மணி 22 நிமிடம்.

மற்ற நாட்களுக்கு மீண்டும் டைப் செய்ய வேண்டாம். இ2 கட்டத்தின் வலது கீழ் மூலையில் சிறு சதுரம் ஒன்று தெரியும். அதை மவுஸால் பிடித்து இ6 வரை இழுத்து விடுங்கள். அந்தந்த வரிசைக்குரிய விடை தானாக வந்து நிற்கும்.

படி 4: மிச்ச நேரம்

எஃப் வரிசையில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் போடுங்கள். நான் போட்டது 2, 4, 5, 5, 4. முதல் நாள் மாலையில் மகாபோதி மரம் மட்டும். மறுநாள் காலையில் ருவன்வெலிசாய, ஜேதவனாராமய தூபிகள். மூன்றாம் நாள் சிவன் கோயிலும் கல்விகாரையின் புத்தர் சிலைகளும். நான்காம் நாள் சிகிரியா குன்றும் தம்புள்ளைக் குகைக் கோயிலும். ஐந்தாம் நாள் கண்டி தலதா மாளிகை.

வயதானவர்கள் ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் அலையக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆகவே ஜி2 கட்டத்தில் சமக்குறி, 9, கழித்தல் குறி போட்டு இ2 கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். மீண்டும் கழித்தல் குறி போட்டு எஃப்2 கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் அழுத்துங்கள். 2.625 வரும். இதையும் ஜி6 வரை இழுத்து விடுங்கள். எந்த நாளிலும் கழித்தல் குறி வரவில்லை என்றால் திட்டம் சரி.

இப்போது முகவர் தாளின் முதல் நாளைப் பார்ப்போம். விமான நிலையத்திலிருந்து அனுராதபுரம், அங்கே 5 மணி நேரம், இரவு பொலன்னறுவை. அதாவது 275 கி.மீ. கீழே ஒரு வரிசையில் இந்த எண்களைப் போட்டேன். விடை மைனஸ் 2.875. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இடிக்கிறது! தாளில் ‘சுற்றிப் பார்த்தல்’ என்று இருந்தாலும், வண்டியிலிருந்தபடியே தூபியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுதான் நடக்கும். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முன்பணம் கட்டும் யோசனையைக் கைவிட்டு ஐந்து நாள் திட்டத்துக்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

சிகிரியாவில் சுமார் 1,200 படிகள். முழங்கால் வலி உள்ள இருவருக்கும் அந்த நேரத்தில் அடிவாரத் தோட்டமும் மியூசியமும் என்று எச் வரிசையில் ‘குறிப்பு’ எழுதி வைத்தேன். ஏறுபவர், ஏறாதவர் என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால், அங்கே போய் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

படி 5: செலவு

கீழே உள்ள ‘ஷீட் 2’ஐக் கிளிக் செய்யுங்கள். (இல்லையென்றால் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள்.) பி1 கட்டத்தில் ஒரு டாலருக்கு அன்றைய இந்திய ரூபாய் மதிப்பைப் போடுங்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஏ கட்டங்களில் இடங்களின் பெயர், பி கட்டங்களில் நுழைவுக் கட்டணம் டாலரில். சி3 கட்டத்தில் சமக்குறி போட்டு பி3ஐக் கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட்டு, பி1ஐக் கிளிக் செய்யுங்கள். உடனே எஃப்4 கீயை ஒரு முறை அழுத்துங்கள். பி1இல் டாலர் குறிகள் சேரும். இதற்குப் பொருள், ‘எங்கே இழுத்தாலும் இந்தக் கட்டத்தை மாற்றாதே’ என்பது. இனி டாலர் விலை மாறினால் பி1 ஒன்றை மட்டும் திருத்தினால் போதும். பழைய நகரங்களின் நுழைவுச்சீட்டில் சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு. அதற்குப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் கவனம்

இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்திலேயே பெறும் வசதி 2012இல் வந்தது. தேடும்போது அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வரலாம்; அவை கூடுதல் பணம் கேட்கும். பாஸ்போர்ட் எண்ணை டைப் செய்வதற்கு முன் முகவரிப் பட்டையைப் பாருங்கள். தளத்தின் பெயர் ‘ஜிஓவி புள்ளி எல்கே’ என முடிந்தால்தான் அது இலங்கை அரசின் தளம். விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், அங்கே இருப்பதையே நம்புங்கள்.

தேதி குறிக்கும் முன்

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் ‘போயா’ விடுமுறை. ஜூன் மாத பௌர்ணமியில் அனுராதபுரத்தில் பெருங்கூட்டம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கண்டி பெரஹரா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது கடினம். வடகிழக்குப் பருவமழை நமக்குப் போலவே அனுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் உண்டு. ஆகவே அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை தவிர்ப்பது நல்லது. புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயிலில் கல் சுடும் என்பதால் சாக்ஸ் எடுத்துச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

கடைசியாக ‘பிரிண்ட் பிரிவ்யூ’ பாருங்கள். அகலம் போதவில்லை என்றால் ‘லேண்ட்ஸ்கேப்’ தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் எடுங்கள். பைலின் ஒரு பிரதியை உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.

பயிற்சி: கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்ட அவர் 1832இல் இறந்தார். அவருடைய சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து வேலூர் போய், கோட்டையையும் முத்துமண்டபத்தையும் பார்த்து, அன்றே திரும்ப முடியுமா? இதே ஷீட்டில் ஒரு வரிசை சேர்த்துக் கண்டுபிடியுங்கள். ஜி கட்டத்தில் மைனஸ் வந்தால், விடியற்காலையில் கிளம்புவதா, அங்கேயே ஓர் இரவு தங்குவதா என்பதை வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்!