காது வளரும் வயது

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பென்ஷனர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அகவிலைப்படி நிலுவை, மருத்துவக் காப்பீடு, லைஃப் சர்ட்டிபிகேட் என்று பேசிப் பேசி அலுத்துப்போய், இந்த முறை உடம்பைப் பற்றி ஒரு வினாடி வினா வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்விகளை நான் தர வேண்டுமாம். ‘சுவாரசியமாக இருக்கட்டும், பயமுறுத்த வேண்டாம்’ என்ற வரிக்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பியவற்றில் பாதியை அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் எத்தனை எலும்பு என்று கேட்டால், முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் 206 என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, காப்பி எப்போது வரும் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற படமும் வேண்டாம். 1901-இல் ஒரு ஜெர்மானியர் எழுதிய கட்டுரையைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. சுவை மொட்டு இருக்கிற எந்த இடமும் எல்லாச் சுவையையும் அறியும். செத்த பிறகும் நகம் வளரும் என்பதும் கட்டுக்கதைதான். தோல் உலர்ந்து உள்வாங்குவதால் நகம் நீண்டதுபோலத் தெரிகிறது. அதுவும் எழுபதைத் தாண்டியவர்கள் கூடியிருக்கிற இடத்தில் அந்தக் கேள்வி எதற்கு?

உங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியது, வயதானால்தான் கண்டுபிடிக்க முடிகிற சங்கதிகளை. இருபத்தைந்து வயது ஆராய்ச்சி மாணவன் எத்தனை கருவி வைத்திருந்தாலும் இவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

நகத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த வில்லியம் பீன், தன் கட்டை விரல் நகத்தில் நகக்கண்ணை ஒட்டி ஒரு சிறு கோடு போட்டுவைப்பார். அந்தக் கோடு நகர்ந்து நுனிக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொள்வார். இப்படியே 35 ஆண்டு! 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ.தான் வளர்ந்தது. 1980-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பணச்செலவே இல்லாத ஆராய்ச்சி. இளமையைச் செலவழித்ததுதான் செலவு. ஆகவே கேள்வி: வயதானால் நகம் வேகமாக வளருமா, மெதுவாகவா? மெதுவாகத்தான், ஏறக்குறைய கால் பங்கு குறைவாக. வெள்ளிக்கிழமை வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது என்ற வீட்டுச் சட்டங்கள் போக மிச்சமிருக்கும் நேரமே இந்த வயதில் தாராளம்.

அடுத்தது நெட்டி முறிப்பது. பேரக்குழந்தைக்குத் திருஷ்டி கழித்துவிட்டுத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிப் படபடவென்று முறிக்கும் பாட்டிகள் உங்கள் சங்கத்தில் இல்லாமலா போவார்கள்? கலிஃபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டருக்கும் சிறுவயதில் நெட்டி முறிக்கும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் மூட்டுவாதம் வரும் என்று அம்மா சொன்னார், அத்தை சித்திமார் சொன்னார்கள், கல்யாணமான பின் மாமியாரும் சேர்ந்துகொண்டார். மனிதர் எதிர்த்துப் பேசவில்லை. இடக்கை விரல்களை மட்டும் தினமும் இரண்டு முறையாவது முறித்துக்கொண்டு, வலக்கையைச் சும்மா விட்டுவைத்தார். 50 ஆண்டு கழித்து, குறைந்தது 36,500 முறிப்புகளுக்குப் பிறகு, இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எதிலும் மூட்டுவாதம் இல்லை. 1998-இல் ஒரு மருத்துவ இதழுக்கு இதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். கீரை சாப்பிடு என்று பெற்றோர் சொல்வதையும் இனி ஆராய வேண்டியிருக்கும் என்று அதில் ஒரு கிண்டல். 2009-இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது.

ஒரே ஒருவரின் இரண்டு கையை வைத்து எதையும் அறுதியிட முடியாது என்று உங்கள் செயலாளர் எழுந்து சொல்வார். சரிதான். ஆனால் பேச்சுக்குப் பேச்சு என்று இறங்காமல் அரை நூற்றாண்டு பொறுத்து மாமியாருக்குப் பதில் சொன்ன இன்னொரு மருமகனை அவர் காட்டட்டும். அந்தச் சத்தம் எலும்பு உரசுவதால் வருவதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூட்டுத் திரவத்துக்குள் திடீரென்று ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் பிடித்தார்கள். முறித்த விரலையே உடனே மறுபடி முறித்தால் சத்தம் வராது, ஏறக்குறைய 20 நிமிடம் போக வேண்டும். மேடையிலேயே செய்து காட்டலாம்.

காதைப் பற்றி அவசியம் கேளுங்கள். ஜேம்ஸ் ஹீத்கோட் என்ற இங்கிலாந்து டாக்டர், சக டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டு, முப்பதைத் தாண்டிய நோயாளிகளின் காதை அளந்தார். எத்தனை பேர் தெரியுமா? 206! எலும்புக் கேள்வியை இழந்த வருத்தம் உங்களுக்கு இதில் தீரட்டும். ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மி.மீ. காது நீள்கிறது என்று 1995-இல் அவர் எழுதினார். ஐம்பது ஆண்டில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. தோல் தளர்ந்து மடல் கீழே இறங்குவதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். பாம்படம் போட்ட திருநெல்வேலிச் சீமைப் பாட்டிகளை அளந்திருந்தால் அவர் கணக்கே குலைந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வியை இப்போது சொல்கிறேன். உங்கள் உடம்பில் உங்களைவிட வயதானது எது? பல் என்பார்கள், மூளை என்பார்கள். கண் லென்ஸின் நடுப்பகுதி என்பது விடை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது உருவாகிவிடுகிறது. அதன்மேல் வெங்காயம் போல அடுக்கடுக்காக ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே போகிறது. இரத்தம் மாறும், தோல் மாறும், நடு லென்ஸின் புரதமோ மாறுவதில்லை. லென்ஸ் இப்படி இறுகிக்கொண்டே போவதால்தான் நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து, செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அது பயிருக்குள் போய், பாலுக்குள் போய், தாயின் வழியாகக் குழந்தையின் லென்ஸுக்கும் போய்த் தங்கிவிட்டது. அதை அளந்து, அந்தக் காலத்திலோ அதற்குப் பின்னோ பிறந்த ஒருவரின் பிறந்த ஆண்டை ஓரிரண்டு வருடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம் என்று 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதியை வைத்துக்கொண்டு ஓய்வுபெற்றவர்கள் உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கவலை வேண்டாம். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பழைய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். சாட்சி போய்விட்டது.

சிரிக்காமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தாகம் எடுத்தால் குடித்தால் போதும், சரியா தவறா? எழுபது வயதில் தவறு. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் தாகம் முன்போல் எழுவதில்லை. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்கள் டாக்டர் சொன்னபடியே நடக்கட்டும், மற்றவர்களுக்கு விடையைச் சொன்ன கையோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சலும் இப்படித்தான். 98.6 டிகிரி என்ற கணக்கு 1868-இல் லைப்சிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிக் பிரபலமாக்கியது. முதியவர்களுக்குச் சாதாரணச் சூடே அதைவிடக் குறைவாக இருப்பதுண்டு, அதனால் தெர்மாமீட்டரில் கொஞ்சம் ஏறினாலும் அலட்சியம் கூடாது.

போட்டி சமநிலையில் முடிந்தால் கேட்பதற்கு ஒன்று தருகிறேன். மனிதன் எப்போது உயரமாக இருக்கிறான்? காலையில் எழுந்ததும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் இரவில் நீரேறிப் பெருத்து, பகலில் நம் எடையைத் தாங்கி அமுங்குகின்றன. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதில் பெரும்பங்கு காலையிலேயே போய்விடும். தலைவரைச் சுவரோரம் நிறுத்தி அளந்து காட்ட ஆசைப்படாதீர்கள். உங்கள் கூட்டம் மாலை 4 மணிக்கு, அதற்குள் அவர் குறைந்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்