பிரிட்டனில் படிக்கும்போது பணம் நின்றுபோனால்

ஊரிலிருந்து வரும் பணம் திடீரென நின்றால், பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் நண்பர்களிடம் கைமாற்று வாங்கியே ஒப்பேற்றப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகத்திலேயே இதற்கென்று ‘ஹார்ட்ஷிப் ஃபண்ட்’ இருக்கும். முன்னாள் மாணவர்களும் கொடையாளர்களும் தரும் பணம் பல இடங்களில் இதில் சேர்கிறது. கிடைப்பது பெரும்பாலும் உதவித்தொகைதான், திருப்பிக் கட்ட வேண்டாம்.

விசாவில் ‘பொது நிதி பெறக் கூடாது’ என்று இருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள். அது அரசு நலத்தொகைகள் பற்றியது. பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி அதில் வராது. பயப்பட வேண்டியது, வகுப்பு நடக்கும் காலத்தில் அனுமதித்த நேரத்துக்கு (பட்டப்படிப்புக்கு வழக்கமாக வாரம் 20 மணி) மேல் வேலைக்குப் போவதற்குத்தான்.

விசா எடுக்கும்போதே கையிருப்பைக் காட்டியிருப்பீர்கள். ஆகவே இந்த நிதிக்கான விண்ணப்பத்தில் ‘விலைவாசி அதிகம்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அதன்பின் என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு வேலை போனது, 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்தது போல முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாத காரணம், தேதியோடும் சான்றோடும். வாடகை ஒப்பந்தமும், எல்லா வங்கிக் கணக்குகளின் சில மாத ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். அறைத் தோழருக்காக நீங்கள் கட்டிய பெரிய தொகை அதில் இருந்தால், அவர்கள் கேட்குமுன் விளக்கிவிடுங்கள். எந்தக் கணக்கையும் மறைக்காதீர்கள்.

கல்விக் கட்டணத்துக்கு இதை நம்ப வேண்டாம். வாடகை, சாப்பாடு, பயணம் அவ்வளவுதான். முடிவுக்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தாங்காது என்றால் அவசரக் கடனோ உணவு வவுச்சரோ உண்டா என்று தனியே கேளுங்கள். படிவம் நிரப்ப மாணவர் சங்க ஆலோசகர்கள் இலவசமாகவே உதவுவார்கள்.