மூச்சுத் திணறலா? முனிர்கா வீடுகளுக்குச் சில குறிப்புகள்

குளிர்காலம் வந்தால் தில்லியில் புகைமூட்டமும் ஃப்ளூவும் சேர்ந்தே வரும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா, அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் கைகொடுக்கச் சில குறிப்புகள்.

1. முனிர்கா கிராமத்துச் சந்துகள் பலவற்றில் ஆம்புலன்ஸ் நுழையாது. வண்டி எதுவரை வரும், நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவர யார் யார் என்று இன்றே பேசிவையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 102, அவசர உதவிக்கு 112.

2. விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் டாக்டரிடம் பேசுங்கள். 90-க்குக் கீழே என்றால் உடனே கிளம்புங்கள். (நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அவருடைய டாக்டர் சொன்ன அளவே கணக்கு.) நம்மைப் போன்ற கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டியும் காட்டலாம். ஆகவே உதடு நீலம் பாரித்தாலோ, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

3. 2021 ஏப்ரலில் கொரோனாவால் தில்லியே ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, குப்புறப் படுக்கும் முறையை மத்திய சுகாதார அமைச்சகம் பரிந்துரைத்தது. கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதிக்கு அடியில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகட்டும். கர்ப்பிணிகளுக்கும் கடுமையான இதய நோயாளிகளுக்கும் கூடாது. படுக்க முடியாதவர் மேசைமேல் தலையணை வைத்து முன்பக்கம் சாய்ந்து உட்காரலாம்.

4. ஆக்சிஜன் கருவி வீட்டுக்கு வந்துவிட்டதா? சாமி விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் பத்தடி தள்ளி இருக்க வேண்டும். ஒற்றை அறையில் அது நடக்காது. விளக்கை நிறுத்திவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். சமையலைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வறண்டால் வாஸ்லின், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்; அவை தீப்பற்றக்கூடியவை.

5. மூடிய அறையில் கரி அங்கீட்டி வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

6. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் ஈரத்துணியால் ஒற்றுங்கள். மூச்சுத் தவிப்பு தணியும். கூட இருப்பவர் மாஸ்க் போடட்டும். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

7. போன தடவை மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடாதீர்கள். கொரோனாவில்கூட, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்சாமெத்தசோனால் பலன் இல்லை.

8. இந்தி தெரியாத பெரியவரின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: வயது, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, உங்கள் எண். இந்தியில் எழுதுங்கள்.

9. சில முதியவர்களுக்கு இனி வெண்டிலேட்டரால் பயனில்லை என்று டாக்டரே சொல்லலாம். அதற்காகச் சிகிச்சை முடிந்துவிடவில்லை. திணறலைத் தணிக்க டாக்டர்கள் சிறு அளவில் மார்ஃபின் தருவதுண்டு, பயப்படாமல் கேளுங்கள். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-இல் விதிகளும் எளிதாயின: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். அப்பா நன்றாக இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள்.