செய்மதித் தூர மீதிகள்

கப்பலிலும் நில அளவையிலும் இன்று பயன்படும் இடங்காண் கருவி, தான் நிற்குமிடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும். அப்புள்ளியை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையும் அக்கருவியையே வினவி ஒருவாறு அறியலாம். அவ்வினாவையும் விடையையும் பற்றியே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஜீ.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழல்வன. ஒவ்வொன்றும் தன் அணு மணிக்கூட்டின் நேரத்தை வானொலி அலையில் அறிவிக்கும். அலை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தாற் பெருக்கத் தூரம் கிடைக்கும். நேரம் ஒரு மைக்கிரோசெக்கன் பிழைத்தால் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். வாங்கியின் மணிக்கூடோ மலிவானது. ஆதலின் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்பவற்றோடு அம்மணிக்கூட்டின் வழுவும் நான்காவது அறியாக்கணியமாகின்றது. எனவே செய்மதிகளும் நான்கு வேண்டும்.

இடத்தைக் கணித்தபின், அவ்விடத்திலிருந்து ஒவ்வொரு செய்மதிக்கும் இருக்கவேண்டிய தூரத்தைத் திரும்பக் கணித்து, அளந்த தூரத்திலிருந்து கழிக்க வருவது மீதி. கடற்கருவிகள் ஒன்றோடொன்று பேசுதற்கென 1983இல் அமெரிக்காவில் வெளிவந்த என்.எம்.ஈ.ஏ. 0183 என்னும் நியமத்தில், மீதிகளைத் தருவது ஜீ.ஆர்.எஸ். என்னும் வாக்கியமாகும். வினவும் முறை எளிது: டொலர்க் குறி, கேட்பவரின் ஈரெழுத்து, கேட்கப்படுபவரின் ஈரெழுத்து, கியூ என்னும் எழுத்து, ஒரு காற்புள்ளி, வேண்டிய வாக்கியத்தின் பெயர். எல்லா வாங்கிகளும் இதற்கு விடையளிப்பதில்லை. சிலவற்றில் அவ்வாக்கியத்தைத் தொடர்ந்து வெளியிடுமாறு முன்னரே அமைத்துவிடல் வேண்டும்.

விடையில் முதலில் நேரம். அடுத்து 0 அல்லது 1. பின்னர் மீற்றரிற் பன்னிரண்டு மீதிகள் வரை. 0 எனின் அவை இடத்தைக் கணிக்கையிற் பயன்பட்டவை. 1 எனின் கணித்தபின் மீளப் பெறப்பட்டவை. எம்மீதி எச்செய்மதிக்குரியது என்பதை இவ்வாக்கியம் சொல்லாது. ஜீ.எஸ்.ஏ. வாக்கியத்திலுள்ள செய்மதி எண்களின் ஒழுங்கே இதற்கும் ஒழுங்கு. இரண்டையும் ஒரே நேரத்துக்குரியனவாகப் பெறாவிடின் நல்ல செய்மதியின்மேற் பழி விழும்.

மீதி வேறு, வழு வேறு. செய்மதிகள் நான்கேயாயின், நான்கு சமன்பாடுகளும் நான்கு அறியாக்கணியங்களும் முற்றாகப் பொருந்தும். மீதிகள் யாவும் பூச்சியம். ஒரு தூரம் ஒரு கிலோமீற்றர் பிழைத்திருப்பினும் பூச்சியமே! கற்றுக்குட்டி அதனைக் கண்டு மகிழ்வான். ஐந்தாவது செய்மதி சேர்ந்தால் முரண்பாடு வெளிப்படும். குற்றவாளி எதுவெனத் தெரியாது. அதனைப் பிரித்தறிய ஆறாவது வேண்டும். அப்போதும், இழிவு வர்க்க முறை ஒன்றன் பிழையைப் பிறவற்றுக்கும் பங்கிடுமாதலின், 40 மீற்றர் பிழைத்த செய்மதியின் மீதி அதனிற் குறைவாகவே தோன்றும். குற்றமற்றவையும் சில மீற்றர் சுமக்கும். எல்லாத் தூரங்களும் ஒரே அளவால் நீண்டாலோ, அந்நீட்சி மணிக்கூட்டு வழுவினுள் மறைந்துவிடும். மீதியில் அதற்கு அடையாளமே இராது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2004 சனவரி 1ஆம் திகதி இருபத்துமூன்றாம் இலக்கச் செய்மதியின் அணு மணிக்கூடு பழுதுற்றது. பழுதென அறிவிக்கப்பட ஏறத்தாழ மூன்று மணிநேரம் சென்றது. அதற்கிடையில் தூரவழு கிலோமீற்றர்க் கணக்கில் வளர, செய்மதியோ தான் நலமெனவே அறிவித்துக்கொண்டிருந்தது. போதிய செய்மதிகளைக் கண்டு, மீதிகளை ஒப்புநோக்கிய வாங்கிகளே அதனைத் தாமாக ஒதுக்க வல்லனவாயிருந்தன.