கெட்டிக் கத்திக்கு மெதுவான கல்: மரப்பட்டறை தரும் அறிவியல் பாடம்

கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும் என்று மோஸ் அளவுகோலைக் கொண்டு கற்பிக்கிறோம். அந்தப் பாடத்தின்போது, தேவாரத்தில் மரப்பட்டறை நடத்துபவரின் மகன் கேட்டான்: "சார், இழைப்பு மிஷின் கத்தி ரொம்பக் கெட்டி. ஆனா அதுக்கு மெதுவான கல்லுதான் வேணும்னு அப்பா சொல்றாரே?" ஒன்பதாம் வகுப்பில் எழுந்த இந்தக் கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

சாணைக்கல்லில் இரண்டு கடினத்தன்மைகள் உள்ளன. ஒன்று, மணிகளின் கடினம். முற்காலத்தில் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். 'கொரண்டம்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'குருந்தம்' என்பதிலிருந்து சென்றதே. மோஸ் அளவில் அது 9, வைரம் 10. இன்றைய சக்கரங்களில் உள்ள அலுமினியம் ஆக்சைடும் வேதியியல்படி குருந்தமே, உலையில் தயாராகிறது. சிலிக்கன் கார்பைடை 1891இல் அமெரிக்கரான அச்செசன் உருவாக்கினார்.

இரண்டாவது, மணிகளைப் பிடித்திருக்கும் பிணைப்பின் வலிமை. பட்டறையில் 'மெதுவான கல்' என்பது இதைத்தான். தேய்ந்து மழுங்கிய மணி உதிர்ந்தால்தான் அடுத்த கூரான மணி வெளிப்படும். கெட்டியான எஃகு மணிகளை விரைவில் மழுங்கச் செய்யும். பிணைப்பு மிக வலுவாக இருந்தால் மழுங்கிய மணிகள் உதிராமல் உரசிக்கொண்டே இருக்கும், வெப்பம் ஏறும். சாதாரண எஃகுக் கத்தியின் விளிம்பு சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாய்ந்து தன் கடினத்தை இழந்துவிடும். எனவே கெட்டிக் கத்திக்கு மெதுவான கல். மென்மையான இரும்புக்குக் கெட்டியான கல். மாணவனின் தந்தை சொன்னதும் சரி, நம் பாடமும் சரி.

சக்கரத்தின் மேல் ஒட்டிய தாளிலேயே இந்த விவரங்கள் இருக்கும். 'ஏ 60 கே 5 வி' என்றிருந்தால்:

• ஏ – அலுமினியம் ஆக்சைடு (சி என்றால் சிலிக்கன் கார்பைடு)
• 60 – மணியின் அளவு. எண் கூடினால் மணி நுண்மையாகும்
• கே – பிணைப்பு வலிமை. ஏ மிக மெது, இசட் மிகக் கெட்டி
• 5 – மணிகளின் நெருக்கம்
• வி – சுட்ட மண்பாண்டம் போன்ற பிணைப்பு

சக்கரத்தின் முகம் அடைபட்டாலோ வட்டம் கெட்டாலோ, வைர முனையால் மேற்பரப்பைச் சீவிச் சீராக்குவார்கள். அலங்காரப் பட்டை இழைக்கும் கத்திக்கு, சக்கரத்தின் முகத்தையே அந்த வளைவுக்கு ஏற்ப வடிவமைப்பதும் உண்டு.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. புதிய உப்புத்தாளையும் தேய்ந்த உப்புத்தாளையும் கைலென்சில் பார்த்து வரையச் செய்யலாம். மழுங்கிய மணியையும் இடுக்கில் அடைந்த மரத்தூளையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இது தொடக்க வகுப்புக்கும் ஏற்றது.

2. 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2800 முறை சுற்றினால் விளிம்பின் வேகம் என்ன? பையின் மதிப்பை 22/7 எனக் கொண்டால் நிமிடத்துக்கு 1320 மீட்டர். வினாடிக்கு 22 மீட்டர். மணிக்குச் சுமார் 79 கி.மீ.

3. வீட்டில் பட்டறை உள்ள மாணவர்கள், எந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும்போது பெரியவர் துணையுடன் சக்கரத்தின் குறியீட்டை எழுதி வந்து வகுப்பில் விளக்கலாம்.

மேற்கண்ட வேகத்தில் விரிசல் கண்ட சக்கரம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மாட்டும் முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விலக்க வேண்டும். தாளில் அச்சிட்ட உச்சச் சுற்று வேகத்தைத் தாண்டக் கூடாது. காப்புறையும் கண்ணாடியும் கட்டாயம். நம் மாணவர்களில் சிலர் விடுமுறையில் பட்டறைக்கு உதவப் போகிறார்கள். சாணை பிடிக்கும் எந்திரத்தைப் பிள்ளைகள் இயக்கக் கூடாது என்பதை, இந்தக் கணக்கைக் காட்டியே பெற்றோர் கூட்டத்திலும் சொல்லிவிடுவது நல்லது.